உழவர் சந்தை: எந்தக் கடையில் எதை விற்கலாம்?

உழவன் தன் விளைபொருளை நேரே மக்களிடம் விற்பதற்கென ஓர் இடத்தை ஒதுக்கிக் கூரை போட்டுவிட்டால் உழவர் சந்தை உண்டாகிவிடும் என்று பலரும் எண்ணுகின்றனர். அனுபவம் வேறுவிதமாக இருக்கிறது. கூரையும் மேடையும் ஒரு மாதத்தில் அமைந்துவிடும். ஆனால், அங்கே யார் உட்காரலாம், எதை விற்கலாம், எதை விற்கலாகாது என்னும் மூன்று வினாக்களுக்கும் தெளிவான விடை இல்லாத சந்தை ஓரிரு ஆண்டுகளுக்குள் சாதாரணக் கடைத்தெருவாக மாறிவிடுகிறது. உழவனுக்கென்று கட்டிய மேடையில் வியாபாரி அமர, உழவன் மறுபடியும் அவனிடமே மூட்டையை இறக்கிவிட்டுப் போகும் நிலை ஏற்படுகிறது. இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்பதில் விவசாய விஞ்ஞானம் எவ்வாறு துணைபுரிகிறது என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம். அதற்கு உரைகல்லாகத் தெற்கு அந்தமானிலுள்ள கராச்சர்மா என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம்.

கராச்சர்மாவின் நிலை

2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகருக்கு அருகில் கராச்சர்மா இருக்கிறது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தீவு ஆராய்ச்சி நிலையம் இவ்வூரிலேயே அமைந்துள்ளது. 1978-ஆம் ஆண்டில் மத்திய வேளாண் ஆராய்ச்சி நிலையமாகத் தொடங்கப்பெற்ற இது, பின்னர் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் என வழங்கலாயிற்று. ஒருபுறம் வாங்கும் மக்கள் நிறைந்த நகரம், மறுபுறம் விளைவிக்கும் கிராமங்கள், நடுவே ஆராய்ச்சி நிலையம் என்ற இந்த அமைப்பு, உழவர் சந்தையைப் பற்றி எண்ணிப் பார்ப்பதற்கு மிகவும் ஏற்றது.

இத்தீவுகளின் நிலப்பரப்பில் மிகப் பெரும்பகுதி காடு. சாகுபடிக்குரிய நிலம் மிகச் சிறிது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மே முதல் டிசம்பர் வரை நீடிக்கும் மழைக்காலத்தில் தாழ்ந்த வயல்களில் நெல் நிற்கும். அறுவடைக்குப் பின்னர், ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களில், வெண்டை, கத்தரி, பாகல், வெள்ளரி, காராமணி, கீரை முதலியன பயிராகின்றன. வெங்காயமும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் சென்னை, கொல்கத்தா ஆகிய துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்திறங்குகின்றன. சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே கடல்வழி ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். பயணத்துக்குச் சுமார் மூன்று நாள் ஆகும். புயலாலோ பிற காரணத்தாலோ கப்பல் தாமதித்தால் காய்கறி விலை உடனே ஏறிவிடும்.

2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப் பேரலையால் தாழ்நிலங்கள் பலவற்றில் உவர்நீர் புகுந்தது. அதன் பின்னர், அகன்ற மேட்டுப்பாத்திகளில் காய்கறியும் அவற்றின் இடையே வெட்டிய அகன்ற பள்ளங்களில் நெல்லும் மீனும் வளர்க்கும் முறையை மேற்கூறிய ஆராய்ச்சி நிலையம் பரப்பி வந்திருக்கிறது. மேட்டுப்பாத்தியில் மழைநீர் தேங்காததால் மழைக்காலத்திலும் ஓரளவு காய்கறி பயிரிட முடிகிறது. இவ்வாறு அரும்பாடுபட்டு விளைவித்த காய்க்கு உரிய விலை கிடைக்காவிடில் அந்தப் பாத்தி மறு ஆண்டு தரிசாகிவிடும். சந்தை விதிகள் பயிர்த்தொழிலையே தாங்கி நிற்பவை என்பது இதனால் விளங்கும்.

முன்னோடிகள்

நம் நாட்டில் இத்தகைய முயற்சி புதிதன்று. 1987-ஆம் ஆண்டில் பஞ்சாபில் ‘அப்னி மண்டி’ என்ற பெயரில் உழவர்கள் நேரடியாக விற்கும் சந்தைகள் தோன்றின. 1999-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆந்திரப் பிரதேசத்தில் ‘ரைத்து பஜார்’ தொடங்கிற்று. அதே ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் மதுரை அண்ணா நகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. குறுகிய காலத்தில் மாநிலமெங்கும் பரவிய இச்சந்தைகள் இடையில் சிறிது தளர்வுற்றுப் பின்னர் மீண்டும் வலுப்பெற்றன. அமெரிக்காவிலும் 1976-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில், விளைவித்தவரே விற்க வேண்டும் என்ற நியதியுடன் ‘கிரீன்மார்க்கெட்’ ஏற்பட்டது. கலிபோர்னியா மாநிலத்தில் வட்டார விவசாய அதிகாரி நிலத்தைப் பார்வையிட்டுச் சான்றிதழ் வழங்கிய பின்னரே உழவர் சந்தையில் இடம் கிடைக்கும்.

இந்நாடுகளும் மாநிலங்களும் பலவற்றில் வேறுபட்டாலும், விற்பவர் உண்மையில் உழவர்தாமா என்பதை உறுதிசெய்யாமல் சந்தை நிலைக்காது என்ற முடிவுக்கே எல்லாம் வந்திருக்கின்றன.

யார் விற்கலாம்?

தமிழ்நாட்டு உழவர் சந்தையில் உழவருக்குப் புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அவருடைய நிலமும் பயிரும் அதிகாரிகளால் நேரில் பார்க்கப்பட்ட பின்னரே அட்டை கிடைக்கும். ஆயினும், அட்டை பெற்ற உழவர் பெயரால் வேறொருவர் மொத்தச் சந்தைச் சரக்கைக் கொண்டுவந்து விற்கக்கூடும். அட்டையைப் பார்ப்பவருக்கு இது புலனாகாது. கணக்கிட்டுப் பார்ப்பவருக்குப் புலனாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஓர் உழவர் 20 சென்ட் நிலத்தில் வெண்டை பயிரிட்டிருக்கிறார். இது ஏறத்தாழ 0.08 ஹெக்டேர். ஹெக்டேருக்கு 10 டன் விளைச்சல் என்று வைத்துக்கொண்டால், அந்நிலத்தில் பருவம் முழுவதும் கிடைப்பது சுமார் 800 கிலோகிராம். வெண்டையை ஒன்றுவிட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். பறிப்புக் காலம் 50 நாள் என்றால் 25 முறை பறிக்கலாம். ஒரு பறிப்புக்குச் சராசரி 32 கிலோகிராம் ஆகிறது. நடுப்பருவத்தில் இது இருமடங்காகலாம். அதற்கு மேல் போவது அரிது. எனவே, இவர் ஒரே காலையில் 150 கிலோகிராம் வெண்டையைக் கொண்டுவந்தால் அதில் பெரும்பகுதி வேறு நிலத்தில் விளைந்தது என்றே கொள்ள வேண்டும்.

ஆகவே, அட்டையில் பெயரும் புகைப்படமும் மட்டும் இருந்தால் போதாது. எந்தப் பயிர், எவ்வளவு பரப்பு, விதைத்த நாள், முதற் பறிப்பை எதிர்பார்க்கும் நாள், ஒரு பறிப்பில் எதிர்பார்க்கும் அதிக அளவு ஆகியவையும் அதில் இருத்தல் வேண்டும். வாயிலில் எடைபோடும்போது அட்டையுடன் ஒப்பிடுவது சில விநாடி வேலை. பக்கத்து நிலத்துச் சரக்கையும் சேர்த்துக் கொண்டுவர விரும்புவோர் உண்டு. ஒரு கிராமத்தார் முறைவைத்து ஒருவரை அனுப்புவது நியாயமான வசதியே. அவர்களுக்குக் கூட்டு அட்டை வழங்கி, பங்காளிகளின் நிலக்கணக்கையும் அதில் சேர்த்துவிடலாம். மறைத்துச் செய்தால் குற்றமாகும் ஒன்று, வெளிப்படையாகச் செய்யும்போது கூட்டுறவாகிறது.

என்ன விலை?

தமிழ்நாட்டு உழவர் சந்தைகளில் ஒவ்வொரு நாள் காலையிலும் விலை நிர்ணயிக்கப்பட்டுப் பலகையில் எழுதப்படுகிறது. மொத்த விலையைக் காட்டிலும் உழவர்க்குச் சுமார் 20 சதவீதம் கூடுதலாகவும், வெளிச்சில்லறை விலையைக் காட்டிலும் வாங்குவோர்க்குச் சுமார் 15 சதவீதம் குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை.

இவ்விரு நிபந்தனைகளும் எப்போது ஒருங்கே நிறைவேறும்? மொத்த விலை கிலோவுக்கு 20 ரூபாய், சில்லறை விலை 30 ரூபாய் எனக் கொள்வோம். முதல் நிபந்தனைப்படி உழவர்க்குக் குறைந்தது 24 ரூபாய் வேண்டும். இரண்டாவதன்படி வாங்குவோர் 25 ரூபாய் 50 காசுக்கு மேல் கொடுக்கலாகாது. ஆகவே 24-க்கும் 25.50-க்கும் இடையே விலை வைக்கலாம். ஆனால், சில்லறை விலை 26 ரூபாயாக இருந்தால் மேல்வரம்பு 22 ரூபாய் 10 காசாகி, கீழ்வரம்பாகிய 24-க்கும் தாழ்ந்துவிடுகிறது. கணக்கிட்டுப் பார்த்தால், சில்லறை விலை மொத்த விலையைவிட ஏறத்தாழ 41 சதவீதமேனும் அதிகமாக உள்ள பொருள்களுக்கே இம்முறை முழுமையாகப் பொருந்தும் என்பது தெரியவரும். விரைவில் வாடும் கீரைக்கும் வெண்டைக்கும் இந்த வேறுபாடு பொதுவாக அதிகம். நாள்பட நிற்கும் வெங்காயத்துக்கும் தேங்காய்க்கும் குறைவு. உழவர் சந்தையால் பெரும் பயன் அடைபவை விரைவில் கெடும் பொருள்களே என்பதற்குக் காரணம் இதுவே.

தீவில் மற்றொரு நுட்பம் உண்டு. கப்பலில் வந்த சரக்கின் மொத்த விலையில் கப்பற்கூலியும் வழிச்சேதமும் அடங்கியிருக்கும். உள்ளூர் உழவர்க்கு அச்செலவு இல்லை. எனவே, கப்பல் தவறாது வரும் நாளில் உள்ளூர்க் காய்க்கு நல்ல ஆதாயமுண்டு. கப்பல் தவறும் நாளிலோ விலை அளவுகடந்து ஏறும். அந்நாள்களுக்கென்று, முந்தைய சில வாரங்களின் சராசரியைக் கொண்டு உச்சவரம்பு ஒன்றை முன்னதாகவே வகுத்துவைப்பது வாங்குவோரின் நம்பிக்கையைக் காக்கும். ஆனால் வரம்பு மிகத் தாழ்ந்திருந்தால் உழவர் சந்தைக்கு வராமல் வெளியே விற்றுவிடுவர் என்பதையும் மறக்கலாகாது.

எதை விற்கலாம்?

விற்பனைப் பொருள்களை நான்கு வகையாகப் பிரித்துக்கொள்வது நலம்.

முதலாவது, உழவர் தம் நிலத்தில் விளைந்தவாறே கொண்டுவரும் பொருள்கள்: காய், கனி, கீரை, கிழங்கு, தேங்காய், இளநீர், பாக்கு, மிளகு, கிராம்பு, சாதிக்காய் முதலியன. ‘பர்மா தனியா’ என்று தீவுகளில் வழங்கும் மணமுள்ள கீரையும் இவ்வகையில் சேரும்; தென்னை, பாக்குத் தோப்புகளின் நிழலில் வளர்வதால் சிறு உழவர்க்குத் தனி நிலமின்றியே வருவாய் தரவல்லது. இவ்வகைக்கே சந்தையில் முதலிடம் தரவேண்டும்.

இரண்டாவது, விளைபொருளைப் பக்குவப்படுத்தியவை: ஊறுகாய், தேங்காய் எண்ணெய், உலர்த்திய பழம், அரைத்த மசாலை. உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், 2006, உழவர் தம் நிலத்தளவில் விளைவிப்பனவற்றுக்கு விலக்களிக்கிறது. பக்குவப்படுத்தி விற்பதற்கோ பதிவு தேவை. எனவே, பதிவுச் சீட்டைக் காட்டுவோர்க்கு மட்டும் இக்கடைகளைக் கொடுக்கலாம்.

மூன்றாவது, முட்டை, கோழி, மீன். நிக்கோபார் கோழி இத்தீவுகளுக்கே உரிய இனமாகும். அதன் முட்டைக்கும் வளர்ப்போருக்கும் சந்தை ஊக்கமளிக்க முடியும். மீன் விற்பனையில் எச்சரிக்கை வேண்டும். சூரை போன்ற மீன்களை உடனே பனிக்கட்டியில் இடாவிட்டால் நுண்ணுயிர்கள் அவற்றின் தசையில் ஹிஸ்டமின் என்னும் பொருளை உண்டாக்குகின்றன. உண்டவர்க்கு முகம் சிவத்தல், தடிப்பு, தலைவலி ஆகியன தோன்றும். சமைத்தாலும் இந்நச்சு நீங்காது. ஆதலால் பனிக்கட்டியும், தனிக் கழிவுநீர்க் காலும், காய்கறிக் கடைகளிலிருந்து விலகிய இடமும் இல்லாத சந்தையில் மீனுக்கு அனுமதி தராதிருப்பதே முறை.

நான்காவது, உள்ளூரில் விளையாதவை. இதில்தான் கருத்து வேறுபாடு மிகுதி. வெங்காயமும் உருளைக்கிழங்கும் இல்லாத சந்தைக்கு ஒரு குடும்பத்தார் எத்தனை நாள் வருவர்? அவற்றுக்காக வேறு கடைக்குச் செல்பவர் கத்தரிக்காயையும் அங்கேயே வாங்கிவிடுவார். ஆனால் இவற்றை யார் வேண்டுமானாலும் விற்கலாம் என்று கதவைத் திறந்தால், அதே வழியாகக் கப்பலில் வந்த கத்தரிக்காயும் உள்ளே வந்துவிடும். ஆந்திரப் பிரதேசத்து ரைத்து பஜார்களில் உள்ளூரில் விளையாத இத்தகைய பொருள்களை விற்கும் பொறுப்பு மகளிர் சுயஉதவிக் குழுக்களிடம் விடப்பட்டது. கராச்சர்மா போன்ற ஊருக்கும் இம்முறை ஏற்றதே. கடைகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட வேண்டும். பொருள்களின் பட்டியல் எழுதப்பட வேண்டும். ‘வெளியிலிருந்து வந்தது’ என்ற பலகை இருக்க வேண்டும். பட்டியலை மாதந்தோறும் திருத்தவும் வேண்டும். மழைக்காலத்தில் தக்காளி வெளிப்பொருளாக இருக்கலாம். வறண்ட மாதங்களில் உள்ளூர்த் தக்காளி வரத் தொடங்கியதும் அது பட்டியலிலிருந்து நீங்கிவிட வேண்டும்.

எதை விற்கலாகாது?

கால்சியம் கார்பைடு என்னும் கல்லைக் கொண்டு பழுக்கவைத்த பழங்களைச் சட்டம் தடைசெய்கிறது. அக்கல்லிலிருந்து எழும் அசிட்டிலீன் வாயுவுடன் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகியவற்றின் நச்சுச் சேர்மங்களும் கலந்து வரக்கூடும். எதிலீன் வாயுவை வரையறுத்த அளவில் பயன்படுத்துவதற்கே அனுமதியுண்டு. பூச்சிமருந்து தெளித்த பின்னர் குறிப்பிட்ட காத்திருப்பு நாள்கள் கழியாத காய்களையும் ஏற்கலாகாது. தெளித்த நாளை அட்டையில் குறிப்பது இதற்கு உதவும்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972, காக்கும் உயிர்களுக்கு இங்கு இடமில்லை. காட்டில் பிடித்த மான் இறைச்சியும், கடலட்டையும், பெருஞ்சிப்பியும் இவற்றுள் அடங்கும். காட்டில் கிடைத்ததாலோ கடலில் கிடைத்ததாலோ ஒரு பொருள் விளைபொருள் ஆகிவிடாது.

நாற்றும் செடியும் விற்கும் கடைகளைத் தனியே கவனிக்க வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் இத்தீவுகளைக் கைக்கொண்டிருந்த காலத்தில் ஆப்பிரிக்கப் பெருநத்தை இங்கே கொணரப்பட்டது. இன்று அது காய்கறித் தோட்டங்களுக்குப் பெருந்தீங்கு விளைக்கிறது. தன் முட்டைகளை அது மண்ணில் இடுவதால், வேரோடு ஒட்டிய ஒரு பிடி மண் வழியாகப் புதியதொரு கிராமத்துக்குப் பரவக்கூடும். ஆகவே, மண்ணோடு கூடிய செடிகளைச் சோதித்த பின்னரே விற்பனைக்கு விடவேண்டும்.

‘இயற்கை வேளாண்மை’ என்று பலகை வைப்பதற்கும் சான்று தேவை. கார் நிக்கோபார், நான்கௌரி தீவுக்கூட்டம் ஆகியவற்றில் 14,491 ஹெக்டேர் நிலப்பரப்புக்கு 2021-ஆம் ஆண்டில் இயற்கை வேளாண்மைச் சான்று வழங்கப்பட்டது. அந்நற்பெயரை ஆதாரமற்ற பலகைகள் கெடுத்துவிடாமல் காப்பது சந்தையின் கடமை.

கடைகளை எவ்வாறு அமைப்பது?

பறித்த பின்னும் காய்கள் உயிருள்ளவையே. அவை பிராணவாயுவை உட்கொண்டு கரியமிலவாயுவையும் உஷ்ணத்தையும் வெளிவிடுகின்றன. உஷ்ணநிலை 10 டிகிரி உயர்ந்தால் இச்சுவாசம் இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. கீரை தன் எடையில் சிறுபகுதி நீரை இழந்தாலே வாடிவிடும். எனவே, கீரைக் கடைகள் காலை வெயில் படாத மேற்குப் பக்கத்தில் இருத்தல் நன்று.

பழுத்த வாழை, மாம்பழம், பப்பாளி ஆகியன எதிலீன் வாயுவை வெளிவிடுகின்றன. இவ்வாயு சிறு அளவிலேயே கீரையையும் வெள்ளரியையும் பாகலையும் மஞ்சளாக்கிவிடும். பழக்கடைகளைக் காற்று வெளியேறும் திசையில் ஒரு கோடியிலும், கீரைக் கடைகளை எதிர்க் கோடியிலும் வைத்தால் செலவின்றி இத்தீங்கைத் தவிர்க்கலாம்.

செங்கல்லும் மணலும் கொண்டு கட்டி நீர் தெளித்துக் குளிரூட்டும் அறைகள் வடநாட்டின் வறண்ட பகுதிகளில் நன்கு பயன்படுகின்றன. நீர் ஆவியாகும்போது உஷ்ணத்தை ஈர்ப்பதே இதன் தத்துவம். ஆனால் அந்தமானின் காற்றில் ஈரம் மிகுதி. மழை மாதங்களில் நீர் விரைந்து ஆவியாகாது. ஆதலால் இவ்வறை வறண்ட மாதங்களில் மட்டுமே ஓரளவு உதவும். மற்ற மாதங்களில் விடியற்காலையில் பறித்து, காற்றோட்டமுள்ள கூடைகளில் கொண்டுவந்து, முற்பகலுக்குள் விற்றுவிடுவதே சிறந்த பாதுகாப்பு.

நடத்துவது யார்?

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் வேளாண் விளைபொருள் விற்பனைக் குழுச் சட்டம் இல்லை. ஆதலால் பிற மாநிலங்களில் அச்சட்டம் வகுத்துத் தரும் விதிகளை இங்கே உள்ளூர் மன்றமும் உழவரும் கூடி எழுதிக்கொள்ள வேண்டியவராகின்றனர். உழவர், வாங்குவோர், விவசாய இலாகா, உள்ளூர் மன்றம் ஆகிய நான்கு தரப்பினரும் குழுவில் இருத்தல் வேண்டும். தமிழர், வங்காளியர், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிப் பகுதியிலிருந்து குடியேறியோர் எனப் பல மொழியினர் சேர்ந்து வாழும் இடமாதலால், விலைப் பலகையையும் விதிப் பலகையையும் பல மொழிகளில் எழுதுவது அவசியம். படிக்க முடியாத விதியை மீறியதற்காக ஒருவரைத் தண்டிப்பது நியாயமாகாது.

முத்திரையிட்ட தராசுகளைச் சந்தையே காலையில் கொடுத்து மாலையில் திரும்பப் பெறலாம். தமிழ்நாட்டுச் சந்தைகளில் இது நல்ல பயன் தந்துள்ளது. விதியை மீறியவர்க்கு முதலில் எச்சரிக்கை, அடுத்துச் சில நாள் விலக்கு, அதன் பின்னரே அட்டை நீக்கம் என்று படிப்படியாகச் செல்ல வேண்டும். அட்டை மறுக்கப்பட்டவர் முறையிட ஒரு வழியும் வேண்டும். மறுத்தவர்களே முறையீட்டையும் விசாரிக்கலாகாது.

சந்தையின் வெற்றியை அங்கே கூடும் கூட்டத்தைக் கொண்டு மட்டும் அளக்க இயலாது. ஆண்டு முடிவில் மூன்று எண்களைக் கணக்கிட்டுப் பலகையில் எழுதலாம்: விற்ற சரக்கில் உள்ளூரில் விளைந்தது எத்தனை சதவீதம், வந்த உழவரில் சிறு நிலமுடையோர் எத்தனை பேர், விற்காமல் திரும்பியது அல்லது வீணானது எவ்வளவு. முதலிரண்டும் ஏறி மூன்றாவது இறங்கினால் விதிகள் சரியாக அமைந்துள்ளன என்று கொள்ளலாம். முதல் எண் இறங்கத் தொடங்குமாயின், வாயிலில் உள்ள தராசையும் அட்டையையும் மறுபடி ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே அதன் பொருள்.